தறியிலிருந்து புறப்பட்ட வாகனம்



இம்மாதம் ஒரு மோட்டார் கம்பனியைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், "மௌலவிக்கு இது என்ன வேலை?" என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். வாகனம் என்பது ஆண்களின் பேச்சு. அது கடைத்தெருவிலும் கராஜிலும் பேசப்பட வேண்டியது என்பது நம் ஊர்களின் பழக்கம். ஆனால் மருதமுனை முதல் பொத்துவில் வரை இந்தக் கரையோரத்தில் ஒரு வேன் வாங்கப்படும்போது, யாருடைய காப்பும் மாலையும் நகைக்கடைக்குப் போகின்றன, யாருடைய பெயரில் உள்ள வீட்டு உறுதி ஈட்டுக்குப் போகிறது என்பதை நான் சொல்லியா நீங்கள் அறிய வேண்டும்? நம் பகுதியில் வீடு பெண்ணின் பெயரில் இருக்கும், வாகனம் ஆணின் பெயரில் இருக்கும். ஆகவே டொயோட்டாவின் கதை உங்களுக்கும் உரியதுதான். இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் கதை ஒரு தாயின் தறியில் தொடங்குகிறது.

நான் படிப்பிக்கும் பாடசாலையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு நாள் பாடம் முடிந்து மணியடிக்கச் சற்று நேரம் இருந்தபோது கேட்டேன்: "டொயோட்டாக்காரர்கள் காருக்கு முன்னால் என்ன செய்தார்கள்?" லொறி என்றார்கள், ட்ரக்டர் என்றார்கள், ஒருவன் கப்பல் என்றான். தறி என்று நான் சொன்னதும் மருதமுனையிலிருந்து வரும் ஒரு பிள்ளை சிரித்துவிட்டு, "தறி போட்டவங்க எப்படி மௌலவி சேர் கார் செய்வாங்க?" என்றாள். அவளுடைய வீட்டில் இரண்டு தலைமுறை தறியில் இருந்திருக்கிறது. சாரமும் சாரியும் நெய்து அதிலே பிள்ளைகளைப் படிக்க வைத்த ஊரல்லவா அது! அந்தப் பிள்ளையின் கேள்விக்கு மணியடிக்கும் வரைக்கும் என்னால் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். மீதியை இங்கே எழுதுகிறேன்.

ஜப்பானில் யமகுச்சி என்றொரு கிராமம். இன்று அது ஷிசுவோக்கா மாகாணத்தில் கொசாய் நகரத்தோடு சேர்ந்திருக்கிறது. அங்கே 1867ஆம் ஆண்டில் ஒரு தச்சனின் மகனாகப் பிறந்தவர் சகிச்சி டொயோடா. அந்தக் குடும்பப் பெயரின் எழுத்துக்களுக்குப் பொருள் "செழிப்பான வயல்" என்பதாகும். நம் அம்பாறை மாவட்டத்தாருக்கு எவ்வளவு பொருத்தமான பெயர்! தகப்பனிடம் தச்சு வேலை பழகிய பையன், தாயும் ஊர்ப் பெண்களும் தறியில் பாடுபடுவதைப் பார்த்து வளர்ந்தான். இரண்டு கையாலும் நாடாவை மாறி மாறித் தள்ளி, ஊடு நூலை அடித்து இறுக்கி, நாள் முழுக்க நெய்தாலும் கொஞ்சத் துணிதான் கிடைக்கும். இந்தச் சிரமத்தைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணத்தில் அவர் மரத்தில் தறி செய்து பார்ப்பதும் உடைப்பதுமாக இருந்தார். ஊரார் கண்ணுக்கு அது வேலையற்ற வேலையாகத்தான் தெரிந்தது. 1890இல் ஒரு கையாலேயே இயக்கக்கூடிய மரத் தறியைச் செய்து, அடுத்த ஆண்டு அதற்குக் காப்புரிமையும் பெற்றார். உயர்ந்த பள்ளிப்படிப்பு எதுவும் அவருக்கு இருக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் முக்கியமானது. 1896இல் இயந்திர வலுவால் ஓடும் தறியைச் செய்தார். சகோதரிகளே, கைத்தறியில் இருந்தவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். கைத்தறியில் நூல் அறுந்தால் நெய்கிறவரின் கண் அதைப் பார்க்கும், கை நிற்கும், அறுந்த நூலை முடிந்துவிட்டு மீண்டும் தொடங்குவார். இயந்திரத்துக்கு அந்தக் கண் இல்லை. நூல் அறுந்தாலும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும், துணி முழுவதும் பாழாகும். அதனால் தறிக்கு ஓர் ஆளைக் காவலுக்கு நிறுத்த வேண்டியிருந்தது. சகிச்சி தம் தறியில் ஒரு சிறிய பொறியை வைத்தார். ஊடு நூல் அறுந்தால் தறி தானாகவே நின்றுவிடும். கெட்ட துணியை நெய்யவே மாட்டேன் என்று இயந்திரம் பிடிவாதம் பிடிக்கும்! ஒரு தாயின் கண்ணை இரும்புக்குள் வைத்தது போன்றதுதான் இது. 1924இல் அவரும் மகன் கிச்சிரோவும் சேர்ந்து முடித்த "ஜீ" வகைத் தானியங்கித் தறி இன்னும் ஒரு படி மேலே போனது. ஓடிக்கொண்டிருக்கும்போதே நூல் தீர்ந்த நாடாவை மாற்றிக்கொள்ளும். பழுது வந்தால் மட்டும் நிற்கும். ஒரு பெண் 30 தறிகளைத் தனியே கவனிக்கக்கூடிய நிலை அதனால் வந்தது.

உலகத்துக்கே நெசவு இயந்திரம் விற்ற இங்கிலாந்தின் ஓல்டம் நகரத்துப் பிளாட் பிரதர்ஸ் கம்பனி, 1929இல் இந்தத் தறியின் உரிமையை ஒரு இலட்சம் பவுணுக்கு வாங்க உடன்பட்டது. ஆங்கிலேயரிடம் இயந்திரம் வாங்கிப் பழகிய ஆசியாவிலிருந்து ஆங்கிலேயர் இயந்திர நுட்பத்தை வாங்கினார்கள்! அடுத்த ஆண்டு சகிச்சி காலமானார். தான் தறியைச் செய்ததுபோல் நீ மோட்டார் வாகனத்தைச் செய்து நாட்டுக்குப் பயன்படு என்பது மகனுக்கு அவர் வைத்துவிட்டுப் போன வேலை என்று அந்தக் கம்பனியின் வரலாறு சொல்கிறது.

மருதமுனைச் சகோதரிகளுக்கு இன்னொரு செய்தி. நம் தெருக்களில் ஓடும் சுசுக்கி வாகனங்களின் பூர்வீகமும் தறிதான். மிச்சியோ சுசுக்கி என்பவர் 1909இல் ஹமமட்சு என்ற ஊரில் தறி செய்யும் தொழிலைத் தொடங்கினார். பிற்காலத்தில் சாரம் நெய்வதற்கென்றே தறிகள் செய்து தென்கிழக்காசிய நாடுகளுக்கு அனுப்பினார். தறி தெரிந்த கை எதையும் செய்யும் போலும்.

கிச்சிரோ 1933இல் தறி ஆலைக்குள்ளேயே ஒரு மோட்டார்ப் பகுதியைத் திறந்தார். அமெரிக்கக் காரொன்றை வாங்கி ஒவ்வொரு துண்டாகக் கழற்றி வரைந்து படித்தார்கள். 1935இல் முதல் மாதிரிக் காரும், அதே ஆண்டில் ஜீ1 என்ற லொறியும் வெளிவந்தன. அந்த லொறிகள் அடிக்கடி வழியில் நின்றன என்பதை அவர்களே மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். விற்ற லொறிகளைத் தேடிப் போய்த் திருத்திக் கொடுத்து, எந்தத் துண்டு உடைந்தது என்று எழுதிக்கொண்டு வந்து மாற்றினார்கள். 1936இல் பொதுமக்களிடம் சின்னமொன்று கேட்டுப் போட்டி வைத்தபோது சுமார் 27,000 பேர் எழுதினார்கள். அதிலேதான் "டொயோடா" என்பது "டொயோட்டா" ஆனது. புதிய பெயரை ஜப்பானிய எழுத்தில் எட்டுக் கோடுகளால் எழுதலாம், எட்டு அவர்களுக்கு அதிர்ஷ்ட எண். எண்ணில் நன்மை தீமை பார்ப்பது நமக்கில்லை; அதை விட்டுவிடுவோம். 1937 ஓகஸ்ட் 28ஆம் திகதி டொயோட்டா மோட்டார் கம்பனி தனியாகப் பதியப்பட்டது.

யுத்தம் முடிந்த பிறகு ஜப்பானே இடிந்து கிடந்தது. 1950இல் கம்பனி கடனில் மூழ்கியது. தொழிலாளர் வேலைநிறுத்தம், ஆட்குறைப்பு என்று பெரும் குழப்பம். ஆட்களை வீட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்று நின்ற கிச்சிரோ, அனுப்ப வேண்டிய நிலை வந்ததும் தாமும் பதவி விலகினார். அதே மாதத்தில் கொரிய யுத்தம் தொடங்கியது, அமெரிக்கப் படை லொறிகளுக்கு ஓடர் கொடுத்தது, கம்பனி பிழைத்தது. தாம் வளர்த்த கம்பனி ஓங்கியதைப் பார்க்கக் கிச்சிரோவுக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1952இல், 57 வயதில் காலமானார்.

இனித்தான் அந்தத் தறியின் இரகசியம் காருக்குள் நுழைகிறது. டொயோடா குடும்பத்தின் நெசவாலையில் வேலை பார்த்துவிட்டு 1943இல் மோட்டார் கம்பனிக்கு மாறியவர் தைச்சி ஓனோ. நூல் அறுந்தால் தறி நிற்கிறது, அப்படியானால் கார் செய்யும் வரிசை ஏன் நிற்கக் கூடாது என்று கேட்டவர் அவர். தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களின் தலைக்கு மேலே ஒரு கயிறு. ஆணி சரியாகப் பொருந்தவில்லையா, கதவு ஒட்டவில்லையா, எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுக்கலாம். விளக்கு எரியும், மேற்பார்வையாளர் ஓடி வருவார், உடனே தீராவிட்டால் வரிசை முழுவதும் நிற்கும். இழுத்தவரை ஏசக் கூடாது; பிழையைக் காட்டித் தந்ததற்கு நன்றி சொல்ல வேண்டும் என்பது அங்குள்ள முறை. அந்தக் காலத்தில் மற்றக் கம்பனிகளில் வரிசையை நிறுத்துவது பெருங்குற்றமாக இருந்தது. ஓடட்டும், கடைசியில் பார்த்துத் திருத்துவோம் என்றார்கள். ஓனோவின் இன்னொரு ஏற்பாடு உங்கள் குசினிக்கும் தெரிந்ததே. இன்றைய கறிக்கு வேண்டிய மீனை இன்று வாங்குவதுபோல், வேண்டிய பாகத்தை வேண்டிய நேரத்துக்கு மட்டும் எடுப்பது. களஞ்சியத்தில் குவித்து வைத்தால் கெட்டது எது நல்லது எது என்று தெரியாமல் போகும் அல்லவா?

1957இல் அமெரிக்காவுக்குக் கார் அனுப்பினார்கள். நம் கண்டிச் சாலையில் போவது போல் அங்கே போக முடியாது. நெடுஞ்சாலையில் நெடுநேரம் வேகமாக ஓட அந்தக் காருக்கு வலு போதவில்லை. 1960இல் அதை அங்கே விற்பதை நிறுத்திவிட்டு, மீண்டும் செய்தார்கள். 1966இல் கொரோலா வந்தது. 2021ஆம் ஆண்டளவில் அந்தப் பெயரில் விற்ற கார்கள் 5 கோடியைத் தாண்டின.

அரபு நாடுகளுக்குப் போய் வந்த சகோதரிகளுக்கு வேறொரு டொயோட்டா நினைவுக்கு வரும். வெள்ளை நிற லேண்ட் குரூசர்! 1951இல் செய்யப்பட்டு, ஃபூஜி மலையின் ஆறாம் நிலையம் வரை ஏறிக் காட்டிய வாகனத்துக்கு 1954இல் வைத்த பெயர் அது. ஜித்தாவில் 1945இல் ஒரு பெற்றோல் நிலையத்தோடு வியாபாரம் தொடங்கிய அப்துல் லத்தீப் ஜமீல், 1955இல் டொயோட்டாவின் சவூதி விநியோகத்தைப் பெற்றார். ஜப்பானுக்கு வெளியே யாரும் இந்தப் பெயரை மதிக்காத காலம் அது. மணலுக்கும் வெயிலுக்கும் ஈடுகொடுத்ததால் அங்கே ஒட்டகத்துக்கு அடுத்த நம்பிக்கையை அந்த வாகனம் பெற்றது. நம் ஊர் இளைஞர்கள் ஹவுஸ் ட்ரைவராகப் போய், அந்த வாகனங்களின் பெருமையை விடுமுறையில் வரும்போது கூடவே கொண்டு வந்தார்கள். நம் பகுதியில் டொயோட்டாவுக்கு விளம்பரம் செய்தவர்கள் அவர்கள்தான் என்பது என் கணிப்பு.

நம் நாட்டில் முன்பு ஓடியவை ஒஸ்டின், மொரிஸ், பெட்போர்ட் போன்ற ஆங்கில வாகனங்கள். 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டதும் ஜப்பான் வாகனங்கள் வெள்ளமாக வந்தன. அதற்கு வசதியான காரணமொன்று உண்டு. ஜப்பானிலும் வீதியின் இடப்பக்கத்தால்தான் ஓட்டுவார்கள், ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கும். அங்கே புது வாகனத்தை மூன்று வருடத்திலும், அதன்பின் இரண்டு வருடத்துக்கு ஒரு முறையும் கட்டாயப் பரிசோதனைக்கு விட வேண்டும், செலவு அதிகம். அதனால் நல்ல நிலையில் இருக்கும்போதே விற்றுவிடுகிறார்கள். அவை ஏலத்தில் போய், "ரீகண்டிஷன்" என்ற பெயரில் நம் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தன.

இவற்றில் நம் கரையோரத்தின் குடும்ப வாகனம் என்றால் அது ஹையேஸ் வேன்தான். 1967இல் பிறந்த அந்த வேனின் நான்காம் தலைமுறை 1989இல் வந்தது. அதற்கு நம் நாட்டார் வைத்த பெயர் டொல்பின். 2004இல் வந்த அடுத்ததற்கு அதன் குறியீட்டு எழுத்துக்களே பெயராகிக் கே.டி.எச். ஆயிற்று. மஹா ஓயா, மஹியங்கனை வழியாகப் பதினெட்டு வளைவு ஏறிக் கண்டிக்கும் கொழும்புக்கும் நோயாளியைக் கொண்டு போனது இந்த வேன். நள்ளிரவில் உம்மாவைக் கட்டுநாயக்காவுக்கு ஏற்றிச் சென்று, அழும் பிள்ளைகளை விடியற்காலையில் தனியே திரும்பக் கொண்டு வந்ததும் இந்த வேன். சுனாமி அடித்த 2004 டிசம்பர் 26க்குப் பிறகு, உயிரோடிருந்தவர்களையும் ஜனாஸாக்களையும் ஏற்றி ஓடிய வேன்களை நம் ஊர் மறக்குமா? டொல்பினின் இயந்திரம் முன் சீற்றுகளுக்குக் கீழே இருக்கும். சீற்றைத் தூக்கினால் கராஜ்காரர் சாதாரண ஸ்பெனர்களோடு வேலையைத் தொடங்கிவிடுவார், கணினி எதுவும் வேண்டியதில்லை. சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் கொழும்பிலும் ஒரே ஸ்பெயார் பாட்ஸ் கிடைக்கும். சாதாரணமானவர்களின் கையால் திருத்தக்கூடியதாக இருப்பது எவ்வளவு பெரிய குணம்!

ஆனால் புகழ் மட்டும் பாடினால் அது நியாயமாகாது. 2009, 2010ஆம் ஆண்டுகளில் எக்சிலேட்டர் சிக்கிக்கொள்ளும் குறையால் உலகெங்கும் பல இலட்சக்கணக்கான டொயோட்டாக்கள் திருப்பி அழைக்கப்பட்டன. சகிச்சியின் கொள்ளுப்பேரன் அக்கியோ டொயோடா 2010 பெப்ரவரியில் அமெரிக்கக் காங்கிரஸின் முன்னால் வந்து மன்னிப்புக் கேட்டார். குறையை அறிந்தும் மக்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை என்பதற்காக 2014இல் 120 கோடி டொலர் தண்டம் கட்டினார்கள். 2023 டிசம்பரில், டொயோட்டாவுக்குச் சொந்தமான டைஹட்சு கம்பனி பாதுகாப்புப் பரிசோதனைகளில் பல வருடங்களாகப் பொய்க் கணக்குக் காட்டியது வெளியாகி, ஜப்பானில் அதன் தொழிற்சாலைகள் எல்லாம் நின்றன. வளர்ந்துவிட்ட அவசரத்தில் கயிற்றை இழுக்க வேண்டியவர்கள் இழுக்கவில்லை. நூல் அறுந்த பிறகும் தறி ஓடியிருக்கிறது.

நாகோயா நகரத்தில் இவர்களின் பழைய நெசவாலைக் கட்டடத்தில் 1994இல் ஒரு நூதனசாலை திறந்தார்கள். உள்ளே நுழைகிறவர்களை வரவேற்பது கார் அல்ல. சகிச்சி செய்த வட்டத் தறி. நூற்பும் நெசவும் ஒரு பக்கம், மோட்டார் மறுபக்கம். நம் மருதமுனையில் ஓசை நின்றுபோன தறிகளை நினைத்தால் எனக்கு அந்தக் கட்டடத்தின் மீது கொஞ்சம் பொறாமைதான்.

சரி, வீட்டுக்கு வருவோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் சொந்தப் பாவனை வாகனங்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது, அதுவும் கடும் வரியோடு. இந்த இடைவெளியில் பழைய வேன்களின் விலை ஏறிய ஏற்றம் உங்களுக்குத் தெரியும். புதிதாக வாங்கிய விலைக்கு மேல் பத்து வருடம் ஓடிய வாகனம் விலை போயிற்று. அப்படியானால் முன்பு ஒரு சோடிக் காப்பு கேட்ட வேன் இப்போது வீட்டு உறுதியையே கேட்கிறது என்று அர்த்தம். வட்டிக்கு லீசிங் எடுப்பது பற்றி நான் இங்கே விரிவாகப் பேச வரவில்லை, அதை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். உங்கள் மஹரும் நகையும் உங்கள் பெயரிலுள்ள வீடும் உங்களுடைய சொத்து. உங்கள் சம்மதமில்லாமல் அதை எவரும் தொட மார்க்கம் அனுமதிக்கவில்லை. இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலையில் ஆணி பூட்டுகிற ஆளுக்கே கயிறு இருக்கிறது. உறுதியைக் கொடுக்கிற பெண்ணுக்கு இல்லையா?

என் தங்கச்சியின் வீட்டில் கடந்த வருடம் நடந்ததைச் சொல்கிறேன். மச்சான் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றுவதற்கு ஒரு கே.டி.எச். பார்த்திருந்தார். தரகர் வீட்டுக்கே கொண்டு வந்து நிறுத்தினார். பளபளவென்று இருந்தது. மீட்டரில் 90 ஆயிரம் கிலோமீற்றர்தான். முற்றத்தில் எல்லோரும் சுற்றி நின்று வேனைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தங்கச்சி வாசற்படியில் நின்றபடியே ஏலத் தாளைக் கேட்டாள். ஜப்பான் ஏலத்தில் விற்கும் ஒவ்வொரு வாகனத்துக்கும் அதன் தரம், அடிபட்ட இடங்கள், ஓடிய தூரம் எல்லாம் எழுதிய தாளொன்று இருக்கும்; செசி நம்பரைக் கொண்டு அதைத் தேடி எடுக்கலாம். தரகர் "அதெல்லாம் இப்ப எங்க தங்கச்சி இருக்கு" என்றார். அவள் செசி நம்பரை எழுதி எடுத்து, கொழும்பில் இருக்கும் மூத்த மகனுக்கு அனுப்பினாள். மறுநாள் வந்த தாளில், நம் நாட்டுக்குக் கப்பலேறும் முன்பே அந்த வேன் ஒரு இலட்சத்து எண்பதாயிரம் கிலோமீற்றர் ஓடியிருந்தது. மீட்டரைப் பின்னுக்குச் சுற்றியிருக்கிறார்கள்.

மச்சானுக்கு மனமில்லை. விலையைக் குறைத்துக் கேட்கலாம், இஞ்ஜின் நல்லது, இது டொயோட்டா அல்லவா என்றார். என்னையும் சமாதானம் பேச அழைத்தார். நான் போனபோது தங்கச்சி இஞ்சித் தேநீர் கொண்டு வந்து வைத்துவிட்டு, "காக்கா, டொயோட்டாக்காரன் பொய் சொல்லல்ல, இடையில உள்ளவன்தான் சொல்றான். அவன்ட பொய்க்கு என்ட உறுதி அலுமாரியை விட்டு வெளிய வராது" என்றாள். பேசுவதற்கு எனக்கு வேறொன்றும் இருக்கவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு பழைய டொல்பினை வாங்கினார்கள். மூன்றெல் இஞ்ஜின், பெயின்ற் போனது, இடது கதவு சற்று இறங்கியது. நிந்தவூரில் ஒரே கையில் இருந்த வேன். வாங்கியவரின் வீட்டுப் பெண்ணே அது எங்கெங்கே அடிபட்டது என்று ஒளிக்காமல் காட்டினார். தங்கச்சியின் ஒரு சோடிக் காப்பும் மச்சானின் சேமிப்பும் போயின, உறுதி அலுமாரியிலேயே இருக்கிறது. காலை ஆறே முக்காலுக்கு அந்த வேன் என் வீட்டு வாசலில் ஹோர்ன் அடிக்கும். முன் சீற்றில் சூடு அதிகம் என்று பிள்ளைகள் சண்டை பிடிப்பார்கள். தங்கச்சி ஒரு அப்பியாசக் கொப்பி வைத்திருக்கிறாள். டீசல் எவ்வளவு, ஒயில் மாற்றிய திகதி, என்ன சத்தம் கேட்டது, எப்போது கேட்டது என்று மச்சான் வந்து சொல்லச் சொல்ல அதில் எழுதுகிறாள். போன கிழமை பிரேக்கில் ஒரு கீச்சொலி என்று எழுதிய அன்று, வேன் ஓடவில்லை. பிள்ளைகள் பஸ்ஸில் போனார்கள்.